டேப்பில் தங்காத தாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அஞ்சம்மாள் கணவரின் தோளைத் தொட்டு எழுப்பினார். துரைக்கண்ணு எழுந்திருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டை இரண்டு வாய்க்கு மேல் வேண்டாமென்று தள்ளிவிட்டுப் படுத்தவர், அசந்து தூங்குகிறார் என்றுதான் அஞ்சம்மாள் இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது தொட்ட கை நனைந்து திரும்பியது. சட்டை, தலையணை, கழுத்து எல்லாம் வேர்வை. உடம்பு சில்லிட்டிருந்தது.

"ஏங்க... இன்னாங்க... சிஸ்டர்! இவுரு கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரும்மா!"

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் இருக்கும் சின்னத் தனியார் மருத்துவமனை அது. தலைமை நர்ஸ் பூமாலை ஓடி வந்தார். அறுவை சிகிச்சையை முடித்த கையோடு டாக்டர் புகழேந்தியும் வந்தார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தார். கருவி எண் எதையும் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று மட்டும் சொன்னது.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெஞ்சை அழுத்தினார்கள். ஐந்து மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் நிமிர்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"நான் எழுதினது நாலு யூனிட் இன்சுலின். நாலு யூனிட்ல சர்க்கரை இப்படி இறங்காது. மதியம் ஊசி போட்டது யாரு?"

"ரோஜா, டாக்டர். ரெண்டு மணிக்கே டூட்டி முடிஞ்சி வீட்டுக்குப் போயிட்டா."

செய்தி கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்து வாசலில் மூச்சிரைக்க நின்றிருந்த தேவநாதன் அப்போதுதான் உள்ளே வந்தார். இறந்தவரின் மூத்த மகளைக் கட்டியவர். இந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். நோயாளிகளின் மருந்துத் தாள்களைப் பார்க்கும் கைக்கணினியான வார்டு டேப் மேஜைமேல் கிடந்தது. எடுத்து விரலால் தட்டினார்.

"நாப்பது! டாக்டர், டேப்ல நாப்பதுன்னு இருக்குது! நாலு போடறதுக்கு நாப்பது போட்டுட்டுப் போயிருக்கா அந்தப் பொண்ணு!"

டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அஞ்சம்மாள் தன் துக்கத்தை மறந்து மருமகனின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். அவர் கையிலிருந்து டேப்பை வாங்கிப் பார்க்க வேண்டுமென்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

வார்டில் விளக்குகள் எரிந்தன. மின்விசிறிகள் சுற்றின. கீழே ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

*

ஐந்தரை மணிக்கு இன்ஸ்பெக்டர் பிரபாவதி வந்து இறங்கியபோது, பெருமுக்கலிலிருந்து உறவினர்கள் மூன்று வண்டிகளில் வந்து வாசலை அடைத்திருந்தார்கள்.

"எங்க அந்த நர்சு? வெளிய அனுப்புங்க!"

வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்திவிட்டு உள்ளே போனார் பிரபாவதி. விசாரணையில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொருவரையும் தனியாகத்தான் கேட்பார். ஒருவர் சொன்னது அடுத்தவர் காதில் விழ விடமாட்டார்.

நர்ஸ்கள் உட்காரும் சின்ன அறையில் முதலில் அஞ்சம்மாளை உட்கார வைத்தார்.

"எப்ப சேர்த்தீங்கம்மா?"

"வெள்ளிக்கெழம ராத்திரி, மேடம். வாந்தி. சக்கரை ஏறிப்போச்சி. ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம எதையோ நெனச்சிக்கினு மோட்டுவளையையே பாத்துக்கினு கெடந்தாரு. நாந்தான் மருமவனுக்குப் போன் போட்டேன். அவுருதான் கார் எடுத்தாந்து இங்க சேத்தாரு."

"எதை நெனச்சிக்கிட்டு?"

"தெரீலயே. கேட்டா எரிஞ்சி வுழுவாரு. திண்டிவனத்துல மகளிர் ஸ்டேசன் எங்க இருக்குதுன்னு ஒருவாட்டி கேட்டாரு. எதுக்குன்னேன். பதில் இல்ல. பக்கத்து நெலத்துக்காரி மாட்ட வுட்டு எங்க மல்லாட்டப் பயிர மேச்சிட்டா. அந்தக் கோவமா இருக்கும்னு நெனச்சிக்கினேன்."

"மருமகன்கிட்ட எப்படி?"

"பெத்த புள்ள மாதிரி, மேடம். போன வாரம்கூட தன்னோட பழைய போன இவுருக்குக் குடுத்தாரு, கிரிக்கெட் பாக்கட்டும்னு. அப்பறம் அதுல ஏதோ ரிப்பேருன்னு வெள்ளிக்கெழம திருப்பி வாங்கிக்கினாரு." சொல்லிக்கொண்டே அஞ்சம்மாள் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டார். "சின்னவ விழுப்புரத்துல காலேஜ் ஆஸ்டல்ல இருக்குறா. அவளுக்கு இன்னும் சொல்லல. எப்பிடி சொல்லப் போறனோ."

அடுத்து ரோஜா வந்தாள். இருபத்து நான்கு வயது. கூட்டேரிப்பட்டிலிருந்து அவளைப் பின்னால் உட்கார வைத்து வண்டியில் கூட்டி வந்திருந்தவர் அவள் அப்பா தேவசகாயம். கட்டட வேலை செய்பவர். கூட்டத்தைப் பார்த்ததும் மகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, பின்பக்க வழியாக உள்ளே கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"சிஸ்டர் போன்ல என்ன சொன்னாங்க?" பிரபாவதி கேட்டார்.

"ஜல்தியா வாடி, இங்க பேஜாராயிடுச்சின்னு மட்டும் சொன்னாங்க, மேடம்."

"வேற யார்கிட்டயாவது பேசினியா?"

"இல்ல மேடம்."

"இன்னிக்கு மதியம் துரைக்கண்ணுவுக்கு என்ன போட்ட?"

"இன்சுலின்."

"எவ்வளவு?"

"நாப்பது."

அவள் தயங்கவில்லை. பிரபாவதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அதிகம்னு தோணலியா?"

"தோணிச்சி மேடம். டாக்டருக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணேன். ஆபரேசன்ல இருந்தாரு. சக்கரை நானூறுக்கு மேல இருந்துச்சி. போன வாரம் ஆறாம் பெட்டுல இருந்த பெரியவருக்கும் நாப்பதுதான் போட்டோம். ஷீட்டுல டாக்டர் கையெழுத்து இருந்துச்சி. டவுட்டா இருக்குதேன்னு மூடிட்டு மறுபடியும் ஓப்பன் பண்ணிப் பாத்தேன். நாப்பதுதான்."

"போட்டதும் எங்கயாவது எழுதி வைப்பீங்களா?"

"டேப்ல 'கொடுத்தாச்சு'ன்னு டிக் மட்டும் பண்ணணும். எவ்ளோன்னு எழுதற இடம் இல்ல." ரோஜா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மேடம், அவருக்கு இப்ப எப்பிடி இருக்குது?"

அவளுக்குத் தெரியாது என்பது பிரபாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னார். ரோஜா நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஏன் எழுந்தோம் என்று தெரியாதவளைப்போல நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பூமாலை வந்து தூக்கினார்.

டாக்டர் புகழேந்தி தன் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு மாசம் முன்னாடி ஒரு பேஷன்ட்டோட ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சிடுச்சு, மேடம். பெரிய அவமானம். அதுக்கப்புறம் தேவநாதன்தான் எல்லா டேப்பையும் பூட்டினார். எங்க ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும்தான் அதுல திறக்கும். நான் என் அறையிலேர்ந்து மருந்து எழுதுவேன், கையெழுத்து தானா விழும், வார்டுல பாத்துப்பாங்க. நான் எழுதினது நாலு. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

கடைசியாக தேவநாதன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. டேப்பைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். பிரபாவதி வாங்கித் தட்டிப் பார்த்தார். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதுல நாப்பதுன்னு பாத்தீங்களா?"

"ஆமாம் மேடம். ஆறாம் பெட் பேஷன்ட்டோட பழைய ஷீட்ட அந்தப் பொண்ணு டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா. ஒவ்வொரு வாட்டியும் புதுசா ஓப்பன் பண்ண சோம்பேறித்தனம். அதைப் பாத்து எங்க மாமாவுக்குப் போட்டுட்டா."

"அந்தக் காப்பி இப்ப எங்க?"

"கை நடுங்கிச்சி, மேடம். டேப் ஆஃப் ஆயிடுச்சி. திருப்பி ஆன் ஆச்சின்னா டவுன்லோட் பண்ணதெல்லாம் அழிஞ்சிடும். பாதுகாப்புக்காக நாந்தான் அப்பிடி வச்சேன்." மூக்கை உறிஞ்சினார். "எம் புத்தி. அப்பிடி வச்சிருக்கவே கூடாது."

ஆறு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. சற்று நேரத்தில் வட்டம் சுற்றுவது ஓய்ந்து டேப்பில் மருத்துவமனைப் பக்கம் வந்தது. பிரபாவதி எல்லோர் முன்னாலும் துரைக்கண்ணுவின் மருந்துத் தாளைத் திறந்தார். இன்சுலின், நான்கு யூனிட். கீழே டாக்டரின் கையெழுத்து.

யாரோ அதை வாசலுக்குச் சொல்லிவிட்டார்கள். கூச்சல் எழுந்தது. ஒரு செருப்பு பறந்துவந்து கண்ணாடிக் கதவில் விழுந்தது.

அன்று இரவு ரோஜாவைக் காவல் நிலையத்தில் வைத்திருப்பதுதான் அவளுக்கே நல்லது என்று பிரபாவதி முடிவு செய்தார். ஜீப்பில் ஏற்றும்போது தேவசகாயம் கிட்டே வந்தார்.

"மேடம், அதுக்கு ஒத்தத் தலைவலி இருக்குது. மாத்திர எடுத்தாந்து குடுத்தா உள்ள வுடுவாங்களா?"

"விடுவாங்க. கொண்டாங்க."

அன்றைக்குப் பிரபாவதியின் மனத்தில் இருந்தது ஒரே ஒரு முடிவுதான். களைத்துப்போன ஒரு பெண் செய்த தவறு.

*

திங்கள் காலை அந்த டேப்பை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனார். அங்கே சைபர் குற்றப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர் செல்வகுமார் அதைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அழிந்துபோன அந்தக் காப்பியை மீட்டுக் கொடுத்துவிட்டால் வழக்கு முடிந்தது.

பிற்பகலில் செல்வகுமார் கூப்பிட்டார். மேஜைமேல் டேப், ஒரு கம்ப்யூட்டர், நாலைந்து வயர்கள்.

"மீட்டுட்டீங்களா?"

"மீட்கறதுக்கு எதுவும் இல்ல, மேடம். இதுல காப்பியே இருந்ததில்ல."

"அழிஞ்சிடுச்சுன்னாரே?"

"இருந்தாதான அழியும்? பாருங்க." ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டு வாங்கியிருந்த அனுமதியில் ஒரு தாளைத் திறந்தார். தாள் திரையில் வந்தது. அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தில் மங்கலாக இருந்த டவுன்லோட் குறியைத் தொட்டார். 'இந்தச் சாதனத்தில் அனுமதி இல்லை' என்று ஒரு வரி வந்து மறைந்தது. "சர்வர்லேர்ந்து வர்ற பைலை இது காட்டும், மேடம். வச்சிக்காது. என் கம்ப்யூட்டரையே ஒரு சர்வரா மாத்தி, அதுலேர்ந்து ஒரு பைலை இறக்கப் பாத்தேன். பக்கமே திறக்கல. வயரைச் சொருகினா சார்ஜ் மட்டும் ஏறுது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தா கறுப்பா வருது."

"பூட்டினவரே திறந்து விடலாமே? அந்த ஒரு டேப்புக்கு மட்டும்?"

"அதையும் யோசிச்சேன். பூட்டை வித்த கம்பெனி பெங்களூர்ல இருக்கு. யாரு, எப்ப, எதைத் திறந்தாங்கங்கற பதிவு அவங்ககிட்ட. ஆஸ்பத்திரிக்காரங்க கை அங்க எட்டாது. மெயில்ல வாங்கிட்டேன். பூட்டின நாள்லேர்ந்து இந்த டேப்புக்கு ஒரு தடவைகூட டவுன்லோட் திறக்கல."

பிரபாவதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரி சர்வர்ல பழைய பதிவு?"

"ஞாயித்துக்கிழமைப் பதிவு மொத்தமா இல்ல. கரண்ட் போனதுல கெட்டுப்போச்சுன்னு போன்ல தேவநாதன் சொன்னார்."

"அப்ப ரோஜா பாத்தது..."

"சர்வர் அந்த நிமிஷம் எதைக் காட்டிச்சோ அதைத்தான் பாத்திருக்கணும். பழசைப் பாத்து ஏமாற வழியே இல்ல."

"மத்தியானம் சர்வர்ல நாப்பது இருந்திருக்கு. சாயந்திரம் நாலு."

"அப்படித்தான் ஆகுது, மேடம்."

பிரபாவதி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, சர்வரே கிடைக்கலேன்னா இது எதைக் காட்டும்?"

செல்வகுமார் தன் மேஜையிலிருந்த வைஃபையை அணைத்துவிட்டு டேப்பைத் தட்டினார். தாள் மறைந்தது. வெள்ளைப் பக்கம். நடுவில் வட்டம்.

நேற்று மாலை தன் கையிலேயே சுற்றிய அதே வட்டம். பிரபாவதி உடனே திண்டிவனம் மின்வாரியத்துக்குப் போன் போட்டார். மரக்காணம் சாலையில் மரக்கிளை விழுந்து இரண்டே முக்காலுக்கு லைன் போயிருந்தது. ஆறு மணிக்குத்தான் விட்டிருந்தார்கள். அடுத்த போன் பூமாலைக்கு.

"சிஸ்டர், கரண்ட் போனா உங்க டேப் வேலை செய்யுமா?"

"எங்க மேடம்? ஜெனரேட்டர்ல வார்டு, ஆபரேசன் தியேட்டர் மட்டும்தான் ஓடும். மாடியில சர்வரு, நெட்டு இருக்கற ரூமுக்கு லைனே குடுக்கல. கரண்டு போச்சின்னா அது சும்மா பலகைதான். நாங்க பேப்பர்ல எழுதிக்குவோம்."

பிரபாவதி போனை வைத்தார். எழுந்தார்.

"செல்வகுமார், திண்டிவனத்துல ஒரு வீட்டைச் சோதனை போடணும். நீங்களே வாங்க."

*

திங்கள் மாலை. டாக்டர் அறையில் புகழேந்தி, பூமாலை, அஞ்சம்மாள், தேவநாதன். ரோஜாவையும் அழைத்து வந்திருந்தார்கள். அவள் சுவரோரம் தலை குனிந்து நின்றாள். அஞ்சம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டர், நேத்து அந்த வார்டுல நீங்க வாய்விட்டுச் சொன்ன எண் என்ன?" பிரபாவதி கேட்டார்.

"நாலு."

"சிஸ்டர், நாப்பதுங்கற எண்ணை முதல்ல சொன்னது யாரு?"

"தேவநாதன் சார்தான். டேப்ப எடுத்துப் பாத்துட்டு சொன்னாரு."

"அப்ப ரோஜா எங்க இருந்தா?"

"கூட்டேரிப்பட்டுல, அவ வீட்ல. அதுக்கப்புறம்தான் நான் போனே போட்டேன். எண்ணெல்லாம் சொல்லல, மேடம்."

"ஊசி போட்டவளுக்கு நாப்பதுன்னு தெரியும். அவ அதைப் படிச்சிருக்கா. அவ யார்கிட்டயும் சொல்லல, எங்கயும் எழுதவும் இல்ல. அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும், தேவநாதன்?"

"அதான் சொன்னனே, மேடம். டேப்ல அவ டவுன்லோட் பண்ணி..."

"அந்த டேப்ல எதையும் டவுன்லோட் பண்ண முடியாது. பூட்டினது நீங்க. ரொம்ப நல்லாப் பூட்டியிருக்கீங்க. மூணு மாசத்துல ஒரு பைல்கூட அதுல தங்கினதில்லேன்னு பெங்களூர்லேர்ந்து பதிவு வந்திருக்கு."

"அப்ப... நெட்லதான் பாத்திருப்பேன். பதட்டத்துல சரியா ஞாபகம் இல்ல, மேடம். சர்வர்ல இருந்ததைப் பாத்திருப்பேன்."

"எந்த நெட்ல? நேத்து ரெண்டே முக்கால்லேர்ந்து ஆறு மணி வரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில நெட் இல்ல. சர்வரும் இல்ல. மாடி ரூமுக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது. நீங்க வீட்டிலேர்ந்து ஓடி வந்தீங்க. வார்டுல லைட் எரிஞ்சுது, ஃபேன் சுத்திச்சு. கரண்ட் போனது உங்க மனசுல பதியல. டேப்பை எடுத்துத் தட்டினீங்க. வெள்ளைப் பக்கம்தான் வந்தது. ஆனா வாய் முந்திக்கிச்சு."

பிரபாவதி தேவநாதனுக்கு எதிரே வந்து நின்றார்.

"டாக்டர் கருவியை வச்சுப் பார்க்காம இருந்திருந்தா, சர்க்கரை வியாதிக்காரர் தூக்கத்துலயே போயிட்டார்னு முடிஞ்சிருக்கும். நீங்க நினைச்சதும் அதுதான். அவர் பாத்துட்டார். உடனே பழியைப் போட ஒரு ஆள் வேணும். டேப்ல நாப்பதுன்னு இருக்குன்னு கத்தினீங்க. கையில இருந்த வெள்ளைப் பக்கத்தைப் பாத்ததுக்கப்புறம்தான் டவுன்லோட் கதையைச் சேர்த்தீங்க. அந்த நேரத்துல அந்த டேப் நாலையும் காட்டியிருக்காது, நாப்பதையும் காட்டியிருக்காது. பாக்க முடியாத ஒரு எண்ணைச் சரியாச் சொல்லணும்னா, அதைத் தாள்ல மாத்தி வச்சவனா இருக்கணும். மதியம் ஊசிக்கு முன்னாடி ஒரு பூச்சியம் சேர்த்தது நீங்க. 'கொடுத்தாச்சு'ன்னு டிக் விழுந்ததும் அதை எடுத்ததும் நீங்க. கரண்ட் வந்ததுக்கப்புறம் சர்வர் பதிவை அழிச்சதும் நீங்கதான்."

"பொய்!" தேவநாதன் எழுந்தான். "அத்தை, இவங்க இன்னான்னாவோ சொல்றாங்க. நான் எதுக்கு மாமாவை... எனக்கு இன்னா வந்துச்சி?"

அஞ்சம்மாள் மருமகனையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதானே, மேடம்? இவுரு எதுக்குங்க? எங்கள விட்டா இவுருக்கு யாரு?"

பிரபாவதி கதவுப் பக்கம் பார்த்தார். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு செல்வகுமார் வந்தார். அவர் கையில் உறையிட்ட ஒரு லேப்டாப்பும் பழைய போன் ஒன்றும் இருந்தன. கீழே ஜீப்பில் தேவநாதனின் மனைவி தேன்மொழி உட்கார்ந்திருந்தாள். அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். செல்வகுமார் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்து நாலு வார்த்தை சொன்னார். பிரபாவதி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"சிஸ்டர், பொம்பளைங்க உடை மாத்தற அறை எது?"

"ஆபரேசன் தியேட்டருக்குப் பக்கத்துல, மேடம். பேஷன்ட்டுங்களும் அங்கதான், நாங்களும் அங்கதான்." சொல்லும்போதே பூமாலையின் குரல் தேய்ந்தது. "ஏன் மேடம்?"

"அதுல ஒரு கேமரா இருந்திருக்கு. படங்கள் இந்த லேப்டாப்ல இருக்கு."

பூமாலை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ரோஜா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தித் தேவநாதனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு படம் வெளிய போகக் கூடாதுன்னு எல்லா டேப்பையும் பூட்டினவன், தனக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து வச்சிருந்தான்" என்றார் பிரபாவதி. "அந்தப் படங்கள் இவனோட எல்லாக் கருவிக்கும் தானாப் போய்க்கிட்டிருந்தது. பழைய போனை மாமனாருக்குக் கொடுத்தப்ப அதை நிறுத்த மறந்துட்டான். கிரிக்கெட் பார்க்கலாம்னு போனைத் திறந்தவர் அதைப் பாத்திருக்கார். ரெண்டு நாள் சோறு இறங்கல. மகளிர் ஸ்டேஷன் எங்கேன்னு கேட்டிருக்கார். வெள்ளிக்கிழமை போனைக் கேட்டு வாங்கினப்பவே இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

தேவநாதன் சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தான்.

"'என் வாயால ஒங்க அத்தைக்குச் சொல்ல முடியாது, உடம்பு தேறினதும் நானே ஸ்டேசனுக்குப் போறேன்'னாரு" என்றான் தரையைப் பார்த்து. "கார்ல கூட்டிக்கினு வரும்போது, நாங்க ரெண்டு பேரு மட்டும் இருந்தப்ப சொன்னாரு. அழுதுக்கினே சொன்னாரு."

"எனக்கா?" அஞ்சம்மாளின் குரல் கிறீச்சிட்டது. "இன்னா சொல்ல முடியாது? மேடம், அதுல யாரு படம் இருந்துச்சி?"

நான்கு மாதம் முன்பு அவருடைய இளைய மகள் கலைப்பிரியாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை இந்த மருத்துவமனையில்தான் நடந்தது. பிரபாவதி அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அஞ்சம்மாளுக்கே புரிந்துவிட்டது. நேற்று மடியில் தாங்கிய தலையை இன்று அவர் இரண்டு கையாலும் அறைந்தார். காவலர் வந்து விலக்கும்வரை அறைந்துகொண்டே இருந்தார். தேவநாதன் தடுக்கவில்லை.

அவனைக் கீழே கொண்டுபோன பிறகு, ரோஜா அஞ்சம்மாளின் அருகே வந்து நின்றாள்.

"எங்கையாலதானம்மா போட்டேன்..."

அஞ்சம்மாள் அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டார். பிறகு, "ஒம்மேல தப்பு இல்ல பாப்பா" என்றார். "ஆனா இப்ப ஒன்னியப் பாக்க முடில. நீ வூட்டுக்குப் போ. ஒங்கப்பா வெளிய நிக்கிறாரு."

*

செவ்வாய் காலை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை. பிணவறைக்கு எதிரே வேப்பமர நிழலில் கலைப்பிரியா தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் உடலை வாங்கக் காத்திருந்தாள். நேற்றிரவே அக்கா தேன்மொழி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

பிரபாவதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மேடம்." கலைப்பிரியா தரையைப் பார்த்துக் கேட்டாள். "அப்பா அதைப் பாத்துட்டாரா?"

பொய் சொல்லலாமா என்று பிரபாவதி யோசித்தார். சொல்ல மனம் வரவில்லை.

"பாத்தார்மா."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிரபாவதி அவள் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை. உள்ளே யாரோ பெயர் கூப்பிட்டார்கள். வேறு யாருடைய பெயரோ.

கலைப்பிரியா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அதுல என்னைத் தவிர எத்தினி பேர் இருக்காங்க?"

"நிறையப் பேர். ஒவ்வொருத்தரா அடையாளம் பாத்துக்கிட்டிருக்கோம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. நான்தான் ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லணும்." பிரபாவதியின் குரலில் அயர்ச்சி தெரிந்தது. "போலீஸ் ஜீப் வாசல்ல நின்னாலே ஊர் பேசும். எத்தனை பேர் கதவைத் திறப்பாங்களோ."

கலைப்பிரியா துப்பட்டாவை மடித்து மடியில் வைத்தாள்.

"அப்பா காரியம் முடியட்டும், மேடம். அப்பறம் நானும் வரேன். நீங்க ஜீப்புல வராதீங்க, பஸ்ஸுல போலாம். எனக்கும் நடந்துச்சின்னு நானே சொன்னா, அவங்க கதவைத் திறப்பாங்க."